மழையிலயும் குளிர்லயும் ரோட்டு ஓட்டம் ஓடப்போறவங்களுக்கு

ஓசூர் பக்கம் ஒரு டிசம்பர் மாசம், 21 கே, அதாவது 21 கிலோமீட்டர் ஓட்டம். ராத்திரி பூரா தூறல், விடியக்காலம் 5 மணிக்கும் விடல, கூடவே ஊதக்காத்து வேற. ஓட்டம் நல்லாத்தான் முடிஞ்சுது, கடைசி 3 கிலோமீட்டர் நான் நெனச்சத விட வேகமாவே வந்தேன். பிரச்சினை எல்லாம் அதுக்கப்புறம்தான். மெடல் வாங்கி, போட்டோ எடுத்து, தெரிஞ்சவங்ககிட்ட பேசி, டிபன் க்யூல நின்னு ஒரு 20 நிமிஷம் போயிடுச்சு, அப்புறம் பைய வாங்கப்போனா பை வெச்சிருந்த பந்தல் ஒழுகி மாத்துத்துணி மொத்தமும் ஈரம். சரி, கிருஷ்ணகிரிக்கு 50 கிலோமீட்டர்தானே, வீட்டுக்கே போயிடலாம்னு வண்டிகிட்ட வந்தேன். சாவிய உள்ள நுழைக்க முடியல. விரல் சொன்ன பேச்ச கேக்கல. பக்கத்துல நின்ன ஒரு அண்ணன்தான் "என்ன தம்பி, வாய் கொழறுது உனக்கு"ன்னு சொல்லி வண்டிய எடுக்கவிடாம டீக்கடை அடுப்பு பக்கத்துல உக்கார வெச்சாரு, அவரு கம்பளிய போத்திவிட்டாரு. அந்த ஈரத்தோட ஹைவேல வண்டிய எடுத்திருந்தா சூளகிரியாவது தாண்டியிருப்பேனான்னு இப்பவும் யோசிப்பேன்.

அதனால மொதல்லயே சொல்லிடுறேன், ஓடும்போது நனையிறது உங்கள ஒண்ணும் பண்ணாது, நனைஞ்சிட்டு நிக்கிறதுதான் பண்ணும். ஓடும்போது உடம்பு செலவு பண்ற சக்தியில முக்கால்வாசி சூடாத்தான் மாறுது, அதனாலதான் கொட்டுற மழையிலயும் நமக்கு குளிர் தெரியாது. நின்ன உடனே அந்த அடுப்பு அணைஞ்சிடும், ஆனா மேல ஈரத்துணி அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கும். தண்ணி காத்த விட சுமார் 25 மடங்கு வேகமா சூட்ட இழுத்துட்டு போகும். ஸ்டார்ட்டுக்கு முன்னாடி நிக்கிற அரைமணி நேரம், முடிச்ச அப்புறம் நிக்கிற அரைமணி நேரம், இந்த ரெண்டையும் சரியா பாத்துக்கிட்டா நடுவுல இருக்குற கிலோமீட்டர் எல்லாம் தானா நடக்கும். நான் கீழ எழுதுறதுல பாதி அந்த ரெண்டு அரைமணி நேரத்த பத்திதான்.

நம்ம பக்கம் மோசமான நாள்னா எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. ஏப்ரல் மே மாசத்துல வர்ற கோடை மழை சாயங்காலம் இடி மின்னலோட கொட்டும், சமயத்துல ஆலங்கட்டியும் விழும், அதுல பயப்பட வேண்டியது குளிருக்கு இல்ல, இடிக்கு. ஐப்பசி கார்த்திகைல வர்றது புயல் மழை, நாள் பூரா பேயும், ஏரி ஒடையும், ரோடு இருக்காது. மார்கழி தை மாசத்துல ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் பனிமூட்டமும் தூறலும், 15 டிகிரி வாக்குல இருக்கும், கேக்க சாதாரணமா இருக்கும் ஆனா ஈரமும் காத்தும் சேர்ந்தா அந்த 15 டிகிரி போதும். தருமபுரி கிருஷ்ணகிரி டவுன்ல பழகுனவங்க அங்க ஓடப்போகும்போது இத நெனப்புல வெச்சுக்கோங்க, ஓசூர் கிருஷ்ணகிரிய விட 350, 400 மீட்டர் ஒசரத்துல இருக்கு, விடியக்காலத்துல அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும்.

போகலாமா வேணாமான்னு முடிவு பண்றது மொதல் வேலை. 2024 டிசம்பர் மொத வாரம் ஃபெஞ்சல் புயல் நம்ம ஊருக்கு வந்தப்ப ஊத்தங்கரைல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தியிருந்த வேன் காரெல்லாம் தண்ணியில அடிச்சிட்டு போச்சு. கடல் எங்கயோ இருக்கு, புயல் நம்மள என்ன பண்ணும்னு இருந்த ஊருக்கே அப்படி. ரெட் அலர்ட் குடுத்திருந்தா, பணம் கட்டியாச்சேன்னு கெளம்பாதீங்க. ஓட்டம் நடந்தாலும் சரி, போற வழியில தரைப்பாலத்துல தண்ணி ஓடுச்சுன்னா அங்கயே வண்டிய திருப்புங்க. வேகமா ஓடுற தண்ணி அரையடி ஆழம் இருந்தாலே ஆள சாய்ச்சிடும், அடியில ரோடு இருக்கா குழி இருக்கான்னும் தெரியாது. காய்ச்சல், நெஞ்சுச்சளி இருந்தாலும் அதே பதில்தான். மத்தபடி வெறும் மழை, வெறும் குளிர்னா தாராளமா போங்க.

முந்தின நாள் ராத்திரி பை கட்டுறதுதான் முக்கியமான வேலை. மாத்துத்துணி ஒரு செட் முழுசா, உள்ளாடை சாக்ஸ் உட்பட, ஒரு துண்டு, ஒரு ஸ்வெட்டர், குரங்குக்குல்லா. இத ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வாய முறுக்கி கட்டி, இன்னொரு கவருக்குள்ள தலைகீழா போட்டு அதையும் கட்டி, அப்புறம்தான் பைக்குள்ள. பை வெக்கிற எடம் காயுமா நனையுமான்னு நமக்கு தெரியாது, அதனால நனையும்னே வெச்சுக்கிட்டு கட்டுங்க. ஷூ ஈரமா இருக்கும், அதனால ஒரு ரப்பர் செருப்பு. ஒரு ஃபிளாஸ்க்ல சுக்கு காபி இல்ல டீ, சக்கரை தூக்கலா போட்டு. பொம்பளைங்களுக்கு ஒண்ணு சொல்லணும், நம்ம பக்கம் நெறைய எடத்துல துணி மாத்த ரூம் இருக்காது, அதனாலயே பல பேரு ஈரத்தோட வீடு வரைக்கும் வர்றாங்க. தொளதொளன்னு ஒரு பெரிய நைட்டி எடுத்துட்டு போங்க, அத மேல போட்டுக்கிட்டு உள்ளயே ஈரத்த கழட்டிட்டு காஞ்சத போட்டுக்கலாம், 2 நிமிஷ வேலை. ஆம்பளைங்களுக்கு கைலி இருக்கவே இருக்கு.

என்ன போட்டு ஓடுறதுன்னு கேட்டா, காட்டன் வேணவே வேணாம். காட்டன் பனியன் தண்ணிய குடிச்சு குடிச்சு கனமாகி தொங்கும், காயவும் காயாது, உரசிக்கிட்டே இருக்கும். ஒட்டுனாப்ல இருக்குற டிரைஃபிட் (சீக்கிரம் காயிற துணி) டி-ஷர்ட் போதும், குளிர் அதிகம்னா உள்ள ஒரு முழுக்கை டிரைஃபிட். டிராக் பேன்ட் வேணாம், கீழ்ப்பக்கம் தண்ணி ஏறி கால இழுக்கும், ஷார்ட்ஸ் இல்லன்னா ஒட்டுன டைட்ஸ். சுடிதார்ல ஓடுறவங்க துப்பட்டாவ கண்டிப்பா விட்டுடுங்க, பேன்ட்டும் கணுக்காலுக்கு மேல நிக்கிற மாதிரி போட்டுக்கோங்க. பைக்குக்கு போடுற ரெயின்கோட்ட போட்டு ஓடுறாங்க சில பேரு, தயவு செஞ்சு வேணாம், 2 கிலோமீட்டர்ல உள்ள வேர்வையிலயே முழுசா நனைஞ்சிடுவீங்க, அப்புறம் அந்த ரெயின்கோட் காத்த புடிச்சு பின்னாடி இழுக்கும். முன்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்குற தொப்பி ஒண்ணு கட்டாயம், மழை கண்ணுல அடிக்காது, கண்ணாடி போட்டவங்களுக்கு அது இல்லாம ஓடவே முடியாது. கைக்கு கிளவுஸ் இல்லன்னா பழைய சாக்ஸ மாட்டிக்கோங்க, பாக்க எப்படி இருந்தா என்ன, விரல் வெறைக்காம இருந்தாதான் முடிச்சு அவுக்க முடியும், சாவி திருப்ப முடியும்.

உரசல பத்தி தனியா சொல்லணும். காய்ஞ்ச நாள்ல 21 கே ஓடி ஒண்ணும் ஆகாதவங்களுக்கு மழையில 10 கேல தொடை வெந்துடும். உள்தொடை, அக்குள், மார்க்காம்பு, பொம்பளைங்களுக்கு பிராவோட அடிப்பட்டி உரசுற எடம், கால் விரல் இடுக்கு, எல்லா எடத்துலயும் வாசலின் கெட்டியா தடவுங்க. தேங்காய் எண்ணெய் தடவி பாத்தேன், மழையில நிக்கல, வழிஞ்சு போயிடுச்சு. ஆம்பளைங்க மார்க்காம்புல மைக்ரோபோர் டேப் ஒட்டிக்கோங்க, ஆனா டேப்ப மொதல்ல ஒட்டிட்டு அப்புறம் சுத்தி வாசலின், மாத்தி செஞ்சா டேப் ஒட்டாது. வெள்ளை டி-ஷர்ட்ல ரத்தக்கோடோட ஃபினிஷ் வர்றவங்கள நான் பாத்திருக்கேன், அன்னிக்கு ராத்திரி குளிக்கும்போது எரியிற எரிச்சல் இருக்கே, அது யாருக்கும் வர வேணாம்.

புது ஷூ போடாதீங்க. பழகுன ஷூ, ஆனா அடிப்பக்கம் மொழுக்குன்னு தேஞ்சுபோனதும் வேணாம். லேஸ் ஈரமானா தானா அவுந்துக்கும், ரெட்டை முடிச்சு போட்டு மிச்சத்த உள்ள சொருகிடுங்க. ரெண்டு சாக்ஸ் போட்டா சூடா இருக்கும்னு சொல்வாங்க, தண்ணி ஏறுச்சுன்னா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு நழுவி கொப்புளம்தான் வரும். போன ஜிப் கவர்ல போட்டுக்கோங்க. நெஞ்சுல குத்துற நம்பர் அட்டைய, அதான் பிப்ப, மடிக்காதீங்க, பின்னாடி ஒட்டியிருக்குற சிப்புதான் உங்க டைம்ம காட்டும், ஃபினிஷ் லைன்ல அது மேல எதுவும் மூடியிருக்க கூடாது.

இப்ப ஸ்டார்ட். 6 மணி ஓட்டம்னா 5 மணிக்கே வர சொல்வாங்க, அப்புறம் விருந்தாளி வரணும், கொடி அசைக்கணும், 6:20 ஆயிடும். இந்த நேரத்துல நனையவே கூடாது. நம்ம தாத்தா பாட்டிங்க மழையில ஆடு மேய்க்க போனா கோணிச்சாக்க ஒரு மூலைய உள்ள தள்ளி கொங்காணியா தலையில போட்டுக்கிட்டு போவாங்கல்ல, அதே யோசனைதான். பெரிய குப்பை கவர் ஒண்ணு, அடியில தலைக்கு ஒரு ஓட்டை, பக்கத்துல கைக்கு ரெண்டு ஓட்டை போட்டு மாட்டிக்கோங்க. 10 ரூவா கூட ஆகாது. ஓட ஆரம்பிச்சு மொத கிலோமீட்டர்ல உடம்பு சூடானதும் கழட்டிடுங்க, ஆனா ரோட்டோரத்துல வீசிட்டு போகாதீங்க, மாடு தின்னுடும், மடிச்சு கையில வெச்சிருந்து தண்ணி குடுக்குற எடத்துல தொட்டியில போடுங்க. வார்ம் அப்ப பெட்ரோல் பங்க் கூரை, கடை வாசல், எதோ ஒரு கூரைக்கு கீழ செய்யுங்க, நின்ன எடத்துலயே முட்டிய தூக்கி ஓடுனா போதும். பழைய ஷூவும் சாக்ஸும் மாட்டிட்டு வந்து கடைசி 10 நிமிஷத்துல ஓடுற ஷூவ மாத்திக்கிறவங்களும் இருக்காங்க, நல்ல யோசனை, மாத்துன ஷூவ யார்கிட்டயாவது குடுக்க ஆள் இருந்தா செய்யுங்க.

ஓட ஆரம்பிச்ச அப்புறம் மொத விஷயம், வாட்ச பாத்து ஓடாதீங்க. கிலோமீட்டருக்கு 6 நிமிஷம்னு ஓடுற உங்க வேகம் எதிர்காத்துல 6:30 ஆகும், அத புடிக்கணும்னு மூச்சு முட்ட ஓடுனீங்கன்னா பின்பாதியில நடக்க வேண்டியதுதான். உடம்பு எவ்வளவு கஷ்டப்படுதுன்னு அத வெச்சு ஓடுங்க. எதிர்காத்து இருக்குற பக்கம் நாலஞ்சு பேரு கூட்டமா போனா அவங்க பின்னாடி ஒட்டிக்கோங்க, கொஞ்ச நேரம் கழிச்சு நீங்களும் முன்னாடி போயி காத்த வாங்கிக்கோங்க, அதுதான் மொற. அடிய கொஞ்சம் சின்னதா வெச்சு ஓடுங்க, திருப்பத்துல இன்னும் சின்னதா.

ரோட்டுல எது வழுக்கும்னு தெரிஞ்சுக்கணும். பெயிண்ட் அடிச்ச வெள்ளைக்கோடு, வேகத்தடை மேல இருக்குற பெயிண்ட், ரோட்டு நடுவுல பதிச்சிருக்குற ரிஃப்ளெக்டர், இரும்பு மூடி, பெட்ரோல் பங்க் வாசல், பஸ் ஸ்டாண்ட் வாசல்ல சிந்தியிருக்குற ஆயில், சாணி, புளியமரத்துக்கு கீழ விழுந்து கெடக்குற எலையும் பழமும். ரொம்ப நாள் கழிச்சு பேயிற மொத மழைதான் மோசம், தாரு மேல இருக்குற எண்ணெயும் தூசியும் அப்படியே மெதக்கும். தேங்கி நிக்கிற தண்ணிய முடிஞ்ச வரைக்கும் சுத்தி போங்க, நனைஞ்சிடுவோம்னு இல்ல, அடியில குழி இருந்தா கணுக்கால் போயிடும். ஹைவே அண்டர்பாஸ்ல தண்ணி நின்னா ஓரமா மேடா இருக்குற பக்கம் நடந்தே போங்க. கரன்ட் கம்பி அறுந்து கெடந்தா, இல்ல தண்ணிக்குள்ள கம்பம் சாஞ்சு கெடந்தா, அந்த பக்கமே போகாதீங்க, பின்னாடி வர்றவங்களையும் கத்தி நிறுத்துங்க.

இடி இடிச்சா எண்ணுங்க. மின்னல் வெட்டுனதுல இருந்து சத்தம் கேக்குற வரைக்கும் 30 நொடிக்கு உள்ள இருந்தா அது 10 கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னு அர்த்தம், ஓட்டத்த விட்டுட்டு கட்டடத்துக்குள்ள இல்ல கதவு மூடுன கார் பஸ்ஸுக்குள்ள போயிடுங்க, கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகுற வரைக்கும் வெளிய வராதீங்க. நம்ம ரோடெல்லாம் புளியமரம், தோப்பெல்லாம் மாமரம், மழைக்கு ஒதுங்குறதுன்னா கால் தானா மரத்தடிக்குதான் போகும். அந்த பழக்கத்த இடி நேரத்துல விட்டே ஆகணும்.

பனிமூட்டத்துக்கு பளிச்சுன்னு மஞ்ச இல்ல ஆரஞ்சு கலர். ரோட்ட மூடாத ஓட்டம்னா வண்டி எதிர்ல வர்ற பக்கமா ஓடுங்க, காதுல எதையும் மாட்டாதீங்க, ஓசூர் மார்க்கெட்டுக்கு பூவும் தக்காளியும் ஏத்திட்டு போற டெம்போக்காரங்க விடியக்காலத்துல அவசரத்துல வருவாங்க, பனியில அவங்களுக்கும் ஒண்ணும் தெரியாது. தண்ணி குடிக்கிறத மறக்காதீங்க, குளிர்ல தாகம் தெரியாது, ஆனா வேர்க்கத்தான் செய்யும், ஒண்ணுக்கும் அடிக்கடி வரும்.

மனசு விட்டுப்போற எடம் ஒண்ணு வரும், பாதிக்கு கொஞ்சம் முன்னாடி. அப்ப நான் நெனச்சுக்கிறது அமெரிக்காவுல நடந்த 2018 பாஸ்டன் மராத்தான். ஏப்ரல் 16ஆம் தேதி, 3 இல்ல 4 டிகிரி குளிர், கொட்டுற மழை, முகத்துல அறையிற எதிர்காத்து, உலகத்துல பெரிய பெரிய ஓட்டக்காரங்க எல்லாம் பாதியில நின்னுட்டாங்க. டெஸ் லிண்டன்னு ஒரு அமெரிக்க ஓட்டக்காரி, ஆரம்பத்துலயே இன்னிக்கு நமக்கு ஓடாது, நின்னுடலாம்னு நெனச்சாங்க, சரி நிக்கிறதுக்கு முன்னாடி யாருக்காவது உதவியாவது பண்ணலாம்னு கூட ஓடுன ஷலேன் ஃபிளானகன் பாத்ரூம் போனப்ப வேகத்த கொறச்சு காத்திருந்து கூட்டத்தோட சேர்த்து விட்டாங்க. கடைசியில அவங்கதான் 2:39:54ல ஜெயிச்சாங்க, 33 வருஷத்துக்கு அப்புறம் அங்க ஜெயிச்ச மொத அமெரிக்கப் பொண்ணு. ஆம்பளைங்கள்ல ஜெயிச்சது யூகி கவாவுச்சி, ஜப்பான்ல ஸ்கூல் ஆபீஸ்ல முழுநேர வேலை பாத்துக்கிட்டே ஓடுனவரு, டைம் 2:15:58. ரெண்டு பேரு டைமும் அவங்க நல்ல நாள்ல ஓடுற டைம்ம விட பல நிமிஷம் ஜாஸ்தி. அன்னிக்கு மோசமான வானிலை எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு, அதனால உங்களுக்கு கஷ்டமா இருக்குன்னா பக்கத்துல ஓடுறவங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டே போங்க.

ஆனா கஷ்டம் வேற, ஆபத்து வேற. 2021 மே 22, சீனாவுல கான்சு மாகாணத்துல 100 கிலோமீட்டர் மலை ஓட்டம், 172 பேரு ஓடுனாங்க, நடுவுல ஆலங்கட்டி மழையும் சூறைக்காத்தும் அடிச்சு 21 பேரு குளிர்லயே செத்துட்டாங்க. நல்லா ஓடத்தெரிஞ்சவங்க, முன்னணியில இருந்தவங்க. ஆடு மேய்க்கிறவரு ஒருத்தரு மட்டும் 6 பேர தான் ஒதுங்கியிருந்த குகைக்கு கூட்டிட்டு போயி நெருப்பு மூட்டி காப்பாத்துனாரு. நம்ம ஊர் ரோட்டுல அந்த அளவுக்கு குளிர் வராது, ஆனா அடையாளம் ஒண்ணுதான்: மொதல்ல பல்லு கடகடன்னு நடுங்கும், அப்புறம் விரல் வேலை செய்யாது, பேச்சு கொழறும், நடை தள்ளாடும், கேட்ட கேள்விக்கு சம்பந்தமில்லாம பதில் வரும். நடுக்கம் திடீர்னு நின்னு ஆளு அமைதியாயிட்டா தேறிட்டாருன்னு நெனக்காதீங்க, அதுதான் ரொம்ப மோசம், உடனே 108க்கு அடிங்க. அது வர்ற வரைக்கும் கூரைக்கு கீழ கொண்டுபோயி, ஈரத்த கழட்டி, காஞ்ச துணி கம்பளி சுத்தி, நெனவோட முழுங்குறாங்கன்னா மட்டும் சூடா இனிப்பா கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. கை கால பரபரன்னு தேய்க்க கூடாது. சாராயம் குடுத்தா சூடாகும்னு சொல்றவங்கள தள்ளி நிக்க சொல்லுங்க, அது உடம்புச்சூட்ட இன்னும் வெளிய விட்டுடும்.

முடிச்சதும் ஃபினிஷ் லைன்ல நிக்காம நடந்துக்கிட்டே இருங்க, மெடல வாங்குங்க, நேரா பை. மொத 10 நிமிஷத்துக்குள்ள காஞ்ச துணிக்கு மாறிடணும், போட்டோ எல்லாம் அப்புறம், மாத்துன துணியோடவே எடுத்துக்கலாம். தலைய நல்லா துவட்டி குல்லா போட்டுட்டு ஃபிளாஸ்க தெறங்க. நம்மள்ல பாதி பேரு டூ வீலர்லதான் வர்றோம், அதுதான் எனக்கு பெரிய கவலை. ஈரத்தோட 60 கிலோமீட்டர் வேகத்துல போறது ஃபேனுக்கு முன்னாடி ஈரத்துணியோட உக்காந்திருக்குறத விட பல மடங்கு மோசம், களைப்பு வேற, விரல் வெறைச்சா பிரேக் புடிக்க முடியாது. காஞ்ச துணி, அதுக்கு மேல ரெயின்கோட் (இப்பதான் அதுக்கு நேரம்), நெஞ்சுப்பக்கம் உள்ள ரெண்டு மடிப்பு நியூஸ் பேப்பர் வெச்சுக்கோங்க, காத்து ஏறாது. சட்டை பட்டன நீங்களே போட முடியுதான்னு பாருங்க. முடியலன்னா சாவிய தொடாதீங்க, எங்கயாவது சூடா சாப்புட்டு அரைமணி உக்காந்துட்டு கெளம்புங்க, இல்ல வண்டிய அங்கயே விட்டுட்டு பஸ் ஏறுங்க.

வீட்டுக்கு வந்து வெதுவெதுப்பா குளியல், சூடா ராகிக்களியும் கொள்ளு கடைசலும் இருந்தா அதுக்கு மேல எதுவும் வேணாம். ஷூவுக்குள்ள இருக்குற மெத்தைய தனியா எடுத்துட்டு, நியூஸ் பேப்பர கசக்கி உள்ள திணிச்சு, 2 மணி நேரத்துக்கு ஒருக்கா பேப்பர மாத்தி, ஃபேனுக்கு கீழ வெச்சா மறுநாளுக்குள்ள காஞ்சிடும், அடுப்பு பக்கத்துல வெச்சா கோந்து விட்டுடும். கால சோப்பு போட்டு கழுவி விரல் இடுக்க நல்லா தொடைங்க, இல்லன்னா சேத்துப்புண்ணு வந்து ஒரு வாரம் ஓட முடியாது. தேங்குன தண்ணியில ஓடியிருந்தா கால்ல எங்கயாவது வெட்டு, சிராய்ப்பு இருக்கான்னு பாருங்க, எலி மூத்திரம் கலந்த தண்ணி அது வழியா ஏறி எலிக்காய்ச்சல் வரும். அடுத்த ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்ணு செவக்குறதுன்னு எதாவது வந்தா ஓடுன வலின்னு விட்டுடாம டாக்டர்கிட்ட போங்க, போனதும் "மழைத்தண்ணியில ஓடுனேன், இந்த தேதியில"ன்னு நீங்களா சொல்லிடுங்க, அவரா கேக்க மாட்டாரு.